சங்கத்திலும் கூலிதானா?

ஐயா,

கூட்டுறவுச் சங்கம் அமைந்தால் செல்லூர் நெசவாளர் கூலி நிலையிலிருந்து விடுபடுவார் என்ற கருத்து பாதிதான் சரி. சங்கம் நூல் கொடுத்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலிதான் தருகிறது. உறுப்பினர் பெயரளவில்தான் உரிமையாளர்.

1910-இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் உருவான சி.என்.டி. தொழிற்சங்கத்தின் இலக்கு வேறு: கூலி உயர்வோடு நிற்காமல் தொழிலையே தொழிலாளர் நடத்துவது. 1936 ஜூலையில் அந்நகர டிராம்களை ஊழியர்களே ஏற்று ஓட்டிக் காட்டினர். (உள்நாட்டுப் போர் மூண்ட நேரத்தில்!)

இங்கே நெசவாளர்களே அப்படித் தொழிலை நடத்த முயன்றால் இடறுவது நூல் கொள்முதலில்தான். சேலை விற்றுப் பணம் வரும்வரை நூலுக்கும் சாப்பாட்டுக்கும் கையிருப்பு இல்லையென்றால், நெசவாளர் பழைய முதலாளியிடமே கடனுக்குப் போவார். பிறகு சங்கப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கி வாக்களித்து என்ன பயன்? முதலில் பொது நூல் நிதி, அடுத்து சாயப்பட்டறை. தறி யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறகு பேசலாம்.

– ஒரு வாசகர், செல்லூர், மதுரை