இலவச சிபில் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் எங்கே என்பதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாகக் கணினி மையம் நடத்தி வருகிறேன். முன்பெல்லாம் சாதிச் சான்றிதழ், பட்டா, ரேஷன் கார்டு என்றுதான் ஆட்கள் வருவார்கள். இப்போது வாரத்துக்கு நாலைந்து பேராவது "அண்ணே, சிபில் எத்தனை இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று வந்து நிற்கிறார்கள். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண்ணைத்தான் (ஸ்கோர்) அப்படிச் சொல்கிறார்கள், கடன் கேட்டுப் போனால் வங்கிக்காரர் பார்ப்பது அதைத்தான். கையோடு இன்னொரு கேள்வியும் வரும்: "போன்லயே ஃப்ரீயா பார்க்கலாம்னு விளம்பரம் வருதே, நம்பலாமா?" ஆளுக்கு ஆள் சொல்வதை உங்கள் பத்திரிகை வழியாகச் சொன்னால் நிறையப் பேருக்குப் போய்ச் சேரும் என்றுதான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். முதல் நாள் இரவு வீட்டில் படுத்துக்கொண்டே இலவச சிபில் என்று தேடியிருக்கிறார், முதலில் வந்த செயலியை இறக்கி, பான் நம்பர், பிறந்த தேதி, செல் நம்பர் எல்லாம் கொடுத்து, ஓடிபியும் போட்டிருக்கிறார். ஸ்கோர் 741 என்று வந்தது, பணம் ஏதும் கேட்கவில்லை, சந்தோஷமாகத் தூங்கிவிட்டார். மறுநாள் காலை எட்டரை மணியிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. என் எதிரே உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தில் மட்டும் மூன்று அழைப்பு, மூன்றும் "சார், உங்களுக்கு பர்சனல் லோன் ரெடியா இருக்கு" என்றுதான். சவாரி கூப்பிடுகிறவர்களும் புது நம்பரில்தான் கூப்பிடுவார்கள் என்பதால் எடுக்காமலும் இருக்க முடியவில்லை அவருக்கு. அந்தச் செயலியைத் திறந்து பதிவுப் பக்கத்தைப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி, அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டே இருந்தது. தன் கடன் விவரத்தை எடுக்கவும், கடன் தரும் கூட்டாளி நிறுவனங்களோடு பகிரவும், அவர்கள் தன்னை அழைக்கவும் சம்மதம் என்று அதில் இருந்தது. அவர் கொடுத்த விலை அதுதான்.

பேர் பெற்ற செயலிகள் எல்லாம் திருட்டு என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கடன் தகவல் நிறுவனம் ஒன்றோடு, அதாவது யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்ற விவரத்தைச் சேர்த்து வைத்து மதிப்பெண் போடும் நிறுவனத்தோடு, ஒப்பந்தம் போட்டு, நம் சம்மதத்தோடு விவரத்தை வாங்கித்தான் காட்டுகிறார்கள். கடனோ கிரெடிட் கார்டோ நம் தலையில் விற்றால் வங்கியிடமிருந்து கமிஷன் கிடைக்கும், பிழைப்பு அதில்தான். இது தெரிந்து போனால் பரவாயில்லை. தெரியாமல் போகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. நாம் எல்லாவற்றையும் சிபில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்று நம் நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். நான்கும் 300லிருந்து 900 வரைதான் மதிப்பெண் போடுகின்றன, ஆனால் நான்கும் ஒரே மாதிரி இருக்காது. செயலி வேறு நிறுவனத்தின் ஸ்கோரைக் காட்டியிருக்கும், வங்கிக்காரர் சிபிலைப் பார்த்திருப்பார். செயலியில் 770 பார்த்துவிட்டு வங்கிக்குப் போய், அங்கே 690 என்றதும் மேனேஜர் பொய் சொல்கிறார் என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

இந்த நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை நம் கடன் விவரங்கள் அடங்கிய முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்தே இருக்கிறது, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது தெரியாது. ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு வருடக் கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் காசில்லாமல் கண்காணித்துக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போய்க் கேளுங்கள். அங்கேயும் மாதச் சந்தா, வருடச் சந்தா என்று திட்டங்கள் இருக்கும், அவசரத்தில் அதை அழுத்திவிடாமல் இலவச அறிக்கை என்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்கான இணைப்பைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கார்டு நம்பர் கேட்டால் நீங்கள் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று ஒரு பயம் ஊர் முழுக்க இருக்கிறது. குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, அதற்காக வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும், அடுத்தடுத்து நிறையப் பதிவானால் ஸ்கோர் இறங்கும். அதனால்தான் அந்த "லோன் ரெடி" அழைப்புகளை நினைத்து பயப்படுகிறேன். ஆசையில் நாலு இடத்தில் விண்ணப்பித்து நாலு இடத்திலும் தள்ளுபடியானால் நஷ்டம் நமக்குத்தான். அமெரிக்காவிலேயே கிரெடிட் கர்மா என்ற பெரிய இலவச ஸ்கோர் நிறுவனம், முன்கூட்டியே அனுமதி ஆகிவிட்டது என்று காட்டி ஆட்களை விண்ணப்பிக்க வைத்ததாகவும், அப்படி விண்ணப்பித்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குக் கடனோ கார்டோ மறுக்கப்பட்டதாகவும் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் 2022ல் நடவடிக்கை எடுத்தது. 30 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

பயந்துபோய்ப் பார்க்காமலே இருப்பதும் தப்பு. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், தன் மகள் படிப்புக்குக் கடன் வாங்க நினைத்து, முதலில் அறிக்கை எடுக்க வந்தார். சிபில் என்றால் என்ன என்றே தெரியாதவர், கடன் வாங்கியதே மகளிர் குழுவில் மட்டும்தான். அறிக்கையின் மூன்றாவது பக்கத்தில் ஒரு செல்போன் கடன், 18,500 ரூபாய். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், ஒழுங்காகக் கட்டியிருந்தால் 000 என்று வரும். இதில் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போயிருந்தது, அத்தனை நாள் பாக்கி என்று பொருள். முகவரி கோயம்புத்தூர். அக்கா கோயம்புத்தூரில் ஒரு ராத்திரி தங்கியதுகூட இல்லை. பிரின்ட் எடுத்த தாளில் அந்த வரியைத் தையல் அளவு பார்ப்பது போல விரலால் பிடித்துக்கொண்டு, "இது என் கையெழுத்து இல்லப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கோ கொடுத்த பான் ஜெராக்ஸை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அன்றைக்கே அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் புகார் போட்டோம், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதினோம், இணைய மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணுக்கும் சொன்னோம். இருபத்தாறாவது நாள் அந்தக் கணக்கு நீங்கியது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதைப் புகாரில் குறிப்பிட்டு எழுதுங்கள், வேகம் கூடுகிறது, இது என் அனுபவம். அதற்கும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அந்த அக்கா பார்க்காமல் இருந்திருந்தால் கடன் கேட்டு நின்றபோதுதான் தெரிந்திருக்கும்.

அப்புறம், சிபில் ஏற்றித் தருகிறோம் என்று மூவாயிரம் ஐயாயிரம் வாங்குகிறவர்கள். உண்மையாகவே கட்டாமல் விட்ட கடனை யாராலும் அழிக்க முடியாது. தப்பான பதிவைத் திருத்த நாமே இலவசமாகப் புகார் போடலாம். இடையில் அவர்களுக்கு என்ன வேலை? ஸ்கோர் காட்டுகிறேன் என்று சொல்லி போனில் இருக்கும் போட்டோ, தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும் செயலி இருந்தால் அதை அந்த நிமிடமே நீக்கிவிடுங்கள். ஸ்கோர் பார்க்க உங்கள் மாமியார் நம்பர் எதற்கு?

எங்களைப் போன்ற மையங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடிபியை நீங்களே தட்டுங்கள், போனை எங்கள் கையில் கொடுக்காதீர்கள். இந்த அறிக்கையில் பான், பிறந்த தேதி, பழைய முகவரிகள், எல்லாக் கடனும் இருக்கும். பிரின்ட் கைக்கு வந்ததும் கணினியில் டவுன்லோட் ஆன கோப்பை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், அதை அனுப்பிய மெயிலிலிருந்தும் வெளியேறச் சொல்லுங்கள். எந்த மையக்காரரும் இதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2017ல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸிடமிருந்தே 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் திருடு போனது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால் என் கடையின் பழைய கணினியை எதை நம்பி விடுவது?

ரிசர்வ் வங்கிக்கு என் வேண்டுகோள், இந்தச் சம்மதப் பத்தியைத் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள், டிக்கை நாங்களே போட்டுக்கொள்கிறோம். அறிக்கையும் தமிழில் வந்தால் அந்த அக்கா மாதிரி ஆட்கள் என்னைத் தேடி வர வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஜனவரி பிறந்ததும் இலவச அறிக்கையின் கணக்கு புதிதாகத் தொடங்கும். அந்த வாரத்தில் நான்கு நிறுவனங்களின் பெயரையும் சரியான இணையதள முகவரியையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். வெட்டியெடுத்து என் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.