அப்பாவின் போன் வரும் நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத்தினர் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நுழைவுத் தேர்வு, கட்டணம், ராணுவ அதிகாரியானவர்கள் எத்தனை பேர் என எல்லாம் இருந்தது. நான் தேடியது மட்டும் இல்லை.

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். பதான்கோட், ஜோத்பூர் என்று குவார்ட்டர்ஸ் மாறி, ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் மூத்தவன் நான்கு பள்ளி பார்த்துவிட்டான். அடுத்து வந்தது ஃபீல்டு போஸ்டிங், எல்லையில் மலைமேல் வேலை. குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. பேர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில் அவனைச் சேர்த்தோம்.

அங்கே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, பத்து நிமிடம்தான் போன். என் கணவருக்கோ மலைமேல் எந்தக் கிழமை சிக்னல் கிடைக்கிறதோ, அதுதான் ஞாயிறு. ஒரு புதன்கிழமை ராத்திரி காவல் போஸ்ட்டிலிருந்து கீழே இறங்கி வந்து கூப்பிட்டிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை பேசுங்க" என்று வார்டன் வைத்துவிட்டார். அப்பா கூப்பிட்ட சேதியைக்கூடப் பிள்ளையிடம் சொல்லவில்லை. லீவுக்கு வந்தவனின் பெட்டியைத் திறந்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பாவிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தான். "பல்லு விழுந்துடுச்சு. கபடி டீம்ல எடுத்துட்டாங்க. காய்ச்சல் சரியாயிடுச்சு." அந்தக் காய்ச்சல் எனக்கே தெரியாது.

இளையவனுக்கு இப்போது பள்ளி பார்க்கிறோம். உடுமலைப்பேட்டை பக்கம் இருக்கும் அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 முதல் இருப்பது. நல்ல பள்ளிதான், எங்களுக்கு ஒதுக்கீடும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் வேலூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம். பெங்களூர் ராஷ்ட்ரிய மிலிட்டரி பள்ளி என்றால் காட்பாடியில் காலையில் ரயில் ஏறி மதியத்துக்குள் போய்விடலாம். ஜவான், ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) பிள்ளைகளுக்கு அங்கே 70 சதவீத இடம். என் தம்பியும் அந்த ஊரில் இருக்கிறான். பட்டாளத்துக்காரருக்கு வருடத்தில் 60 நாள் லீவு, கேஷுவல் 30 நாள் என்று இருந்தாலும், ரயில் ஏறும்வரை எதுவும் நிச்சயமில்லை. பக்கத்தில் ஒரு மாமாவோ பாட்டியோ இல்லாத ஊரில் பத்து வயதுப் பிள்ளையை விடாதீர்கள் என்றுதான் மற்றத் தாய்மார்களுக்குச் சொல்வேன். பணத்துக்கு, விடுதியில் படிக்கும் பிள்ளைக்காக அரசு தரும் விடுதி மானியம் கை கொடுக்கும். அது கிடைக்கப் பள்ளி வீட்டிலிருந்து 50 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, எல்லையிலிருந்து அப்பா எந்த நேரம் கூப்பிட்டாலும் பிள்ளையை எழுப்பிப் பேசவிடும் பள்ளிகள் எவை என்றும் கேட்டு எழுதுங்கள்.

– ஹவில்தார் ஒருவரின் மனைவி,
வேலூர் மாவட்டம்