வக்கீலைக் கேட்காமல் தலையாட்டாதே

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த வருஷம் மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அக்கா மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாச்சு. நீ டிக்கெட் போட்டிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். இப்போதைக்குப் போடாதே.

குமாரைத் திட்டாதே. நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னான். கோர்ட்டிலேயே குப்பை கொட்டி ஓய்வு பெற்ற அப்பனிடம், குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதான கேஸை மறைத்தவன் நீ ஒருவன்தான்.

எவ்வளவு குடித்தாய் என்று கேட்கப்போவதில்லை. இங்கே குடித்து ஓட்டி மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் மாட்டியவன் கூண்டருகே நின்று "ஆமாங்கய்யா" என்பான், பத்தாயிரம் கட்டுவான், ரசீதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்வான். அந்தப் புத்தியோடு ஹூஸ்டன் கோர்ட்டுக்குப் போகாதே. டெக்ஸாஸில் முதல் தடவைக்கே 180 நாள் வரை ஜெயில், 2,000 டாலர் வரை அபராதம். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.15 என்று மெஷின் காட்டியிருந்தால் ஒரு வருடம் வரை. சட்ட வரம்பான 0.08க்குக் கீழே என்றாலும் தப்பித்தோம் என்று இல்லை; நிதானத்தில் இல்லை என்று அரசுத் தரப்பு நிரூபித்தாலே போதும்.

0.15க்குக் கீழே இருந்தால் தீர்ப்பைத் தள்ளிவைத்து, ஒழுங்காக நடந்தால் கேஸை முடிக்கும் வழி ஒன்று 2019இலிருந்து அங்கே உண்டு. ஆசை காட்டுவார்கள். மாநிலச் சட்டத்தில் அது தண்டனை ஆகாது. குடியேற்றச் சட்டமோ அதையும் தண்டனைக் கணக்கில்தான் எழுதும். உன்னிடம் இருப்பது ஹெச்-1பி வேலை விசா. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் விசாவுக்கு என்ன ஆகும் என்று வக்கீலைக் கேள். நாடு கடத்தும் ஆபத்து இருந்தால் அதைச் சொல்வது அவர் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கைதானதற்கே விசாவை ரத்து செய்வதும் உண்டு. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை ஓடும், நாட்டை விட்டு வெளியே வந்தால் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். டிக்கெட் வேண்டாம் என்றது அதனால்தான்.

நிதானம் பார்க்க ரோட்டோரத்தில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்களாமே. 30 நொடி, அந்தக் காலை வைத்துக்கொண்டா? குடிக்காமலே உன்னால் முடியாது. மாமா வீட்டு மாடிப்படியில் விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரே பீரோவில்தான் இருக்கிறது. ஆபரேஷன் காகிதங்களோடு படமெடுத்து அனுப்புகிறேன், வக்கீலிடம் கொடு. வண்டியை எதற்காக நிறுத்தினார்கள், அந்தக் காரணம் செல்லுமா என்பதையும் அவர் பார்க்கட்டும்.

லைசென்ஸ் தனி விவகாரம். நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து 15 நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால் சஸ்பெண்ட் ஆகிவிடும். வாய்தா வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. இன்றைக்கே வக்கீலைக் கேள்.

உன் படிப்பைச் சொல்லித்தான் நம் தெருவில் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். அவ்வளவு படித்தவனுக்கு ஒரு டாக்ஸி கூப்பிடத் தெரியவில்லையா? சரி, விடு. ஆபீஸ் நண்பர்களிடம் இதைப் பேசாதே, மெசேஜ்கூட வேண்டாம். வக்கீலிடம் மட்டும் பேசு.

ஃபீஸ் எவ்வளவு என்று எழுது. டெபாசிட் இந்த மாதம் முதிர்கிறது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ உளறிவைக்காதே.

அப்பா