கறுத்து விழுவது பிஞ்சு இல்லை

பண்ருட்டி
தை 20

அம்மாடி,

பலாப்பிஞ்சு கறுத்து விழுகிறதென்று வில்லியனூரிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பூசணம் பிடித்துக் கறுத்து விழுவது பலாப்பிஞ்சு இல்லை, ஆண் பூ. விரல் பருமன், மெல்லிய காம்பு, வழுவழுப்பு, மேலே மஞ்சளாக மகரந்தத் தூள் இருந்தால் ஆண். தூள் கொட்டியதும் கறுத்து உதிரத்தான் செய்யும். காம்பு தடித்து, அடியில் வளையம் கட்டி, மேலே சொரசொரப்பாக இருப்பது பெண். அதுதான் காயாகும். பூச்சிமருந்துக் கடைக்காரர் கொடுத்த புட்டியைத் திறக்காதே. விழுந்ததைத் தினம் கூட்டி அள்ளிவிடு. கிடந்தால் பூசணம் நல்ல பிஞ்சுக்கும் ஏறும்.

ஒட்டுக்கன்று நாலாம் வருஷம் காய்ப்பது வழக்கம்தான். ஆனால் இளமரத்துக்கு இந்த வருஷம் இரண்டு காய் போதும். ஒரு கொத்தில் மூன்று இருந்தால் கோணாமல் உருண்டு வருவதை மட்டும் விட்டு, மற்றதை மூசாகவே, அதாவது இளம்பிஞ்சாகவே அறுத்துப் பொரியல் பண்ணு. கோணல் காயில் ஒரு பக்கம் மகரந்தம் படவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் சுளை இருக்காது, வெறும் சடைதான், அதாவது நார்தான். இரண்டு காய் உரசினால் அந்த இடுக்கில்தான் துளைப்பான் புழு நுழையும். ஓட்டையும் எச்சமும் தெரிந்த காயை அறுத்துப் புதைத்துவிடு.

அறுவடை முடிந்து ஆடியில் உச்சியை வெட்டி, பன்னிரண்டு அடிக்குள் நிறுத்து. பலா அடிமரத்திலும் தடித்த கிளையிலும்தான் காய்க்கும், உச்சி போனால் நஷ்டமில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் நம் பக்கத்துத் தோப்புகளில் மரங்களைச் சாய்த்தது தெரியுமே. மழைத் தண்ணீர் அடியில் நின்றாலும் வேர் அழுகிவிடும். மண்ணைக் குவித்து வடிய விடு.

முள் அகன்று தட்டையாகி, தட்டினால் மந்தமாக ஒலித்து, காம்படி இலை மஞ்சளித்தால் வெட்டலாம். காம்பு கீழே பார்க்க ஒரு மணி நேரம் சாய்த்து வை, பால் வடியட்டும். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவாமல் சுளை எடுக்க உட்காராதே.

கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்தால் சில மாசம் குழம்புக்கு ஆகும். நட வேண்டியதை மட்டும் உடனே நடு, உலர்ந்தால் முளைக்காது. கழித்த தழையை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போடு. மரம் வயசாகிச் சாய்ந்தால் விறகுக்கு விற்காதே. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதான் கேட்பார்கள்.

அப்பா