வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் நகல் போய்ச் சேரும். போன ஆண்டும் சேர்ந்தது.

இந்த ஆண்டு செயற்குழுவை 9 முறை கூட்டினோம். 5 முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இருந்தது. விதைப் பரிமாற்றம் நடந்தது. மண்புழு உரப் பயிற்சி நடந்தது. மரக்கிளை நறுக்கும் கவாத்துப் பயிற்சி மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவில்லை.

பழப் பகிர்வு நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமான நாளில் வைக்காமல் 3 வாரம் தள்ளி வைத்தது செயலாளரின் பிடிவாதம் என்று பேச்சு. என்னிடம் நேரில் யாரும் சொல்லவில்லை, மற்ற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள். பதிலை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

போன ஆண்டு மேசை நிறையக் கமலா ஆரஞ்சும் சாத்துக்குடியும் குவிந்தன. பார்வைக்கு நன்றாக இருந்தன. வாயில் வைத்தால் பல் கூசியது. “வீட்டில் வைத்தால் பழுத்துவிடும்” என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனோம். பத்து நாள் கழித்து ஓர் அம்மா சொன்னார்: “தோல் சுருங்கிச்சு சார், புளிப்பு அப்படியேதான் இருக்கு.” சரியாகத்தான் சொன்னார். மாங்காயையும் வாழைக்காயையும் முற்றியதும் பறித்து வைத்தால் பழுக்கும், ஏனென்றால் அவற்றுக்குள் மாவுச்சத்து இருப்பு இருக்கிறது, பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறும். ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை எதற்கும் அந்த இருப்பு கிடையாது. இனிப்பு இலையிலிருந்து காம்பு வழியாகத்தான் வர வேண்டும். காம்பை நறுக்கிய நிமிடத்தோடு வரவு நின்றது. வைத்திருந்தால் புளிப்பு கொஞ்சம் மட்டுப்படலாம், இனிப்பு ஏறாது. ஆகவே மரத்திலேயே முடிந்தாக வேண்டிய வேலை இது. தேதியை மரம் சொல்ல வேண்டும், நம் நாட்காட்டி அல்ல.

“நிறம் வந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருப்பது?” என்று தொலைபேசியில் கேட்டவர்கள் பலர். நிறம் என்பது தோலின் சமாச்சாரம். இரவில் குளிர் விழுந்து, ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோலின் பச்சையம் கலைந்து மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரியும். இரவு வெதுவெதுப்பாகவே இருக்கும் இடத்தில் சுளை தேனாக இனித்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும். குளிர் முந்திக்கொண்ட இடத்தில் தோல் தகதகவென்று இருக்கும், உள்ளே காடி. வேலன்சியா என்ற ஆரஞ்சு ரகம் இன்னும் விசித்திரம். பழுத்து நிறம் வந்த பிறகும் பறிக்காமல் விட்டால், வெயில் காலம் வந்ததும் தோல் மறுபடி பச்சையாகிவிடும். எத்திலின் வாயு காட்டி நிறமேற்றுவதும் தோலோடு சரி. உள்ளே ஒரு துளி இனிப்பைக்கூட அது கூட்டுவதில்லை.

சரி, நிறத்தை நம்பக் கூடாது என்றால் எதை நம்புவது? கையை நம்பலாம். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களை இரு கைகளில் வைத்துப் பாருங்கள், கனமானதில்தான் சாறு. தோலைத் தடவிப் பாருங்கள். காயில் எண்ணெய்ப் புள்ளிகள் நெருக்கமாகச் சொரசொரப்பாக இருக்கும். முற்ற முற்றத் தோல் விரிந்து, வழவழப்பாகி, லேசாகப் பளபளக்கும். கமலாவில் தோல் சுளையை விட்டு உப்பி, அழுத்தினால் பொதபொதவென்று இருந்தால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே சுளை வறண்டு சக்கையாகத் தொடங்கியிருக்கும். பம்ப்ளிமாஸுக்குத் தோல் தடிமன் என்பதால் அமுக்கிப் பார்த்துப் பயனில்லை, கனம்தான் கணக்கு. கீழே ஒன்றிரண்டு உதிர்ந்து கிடப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் பூச்சியிலும் பிஞ்சுகூடத்தான் உதிரும்.

இவ்வளவுக்கும் மேலே, ஒரு பழத்தை அறுத்து வாயில் போட்டுப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பகிர்வு நாளுக்கு முன் ருசி பார்க்கக் கூடியபோது ஒரே சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டி இரண்டு மூத்த உறுப்பினர்களிடம் கொடுத்தேன். ஒருவர் “பழம்தான், பறிக்கலாம்” என்றார். மற்றவர் “இது பழமா?” என்று முகத்தைச் சுளித்தார். கால் மணி நேரம் வாக்குவாதம், இடையில் பழைய தேர்தல் கதை எல்லாம் வந்தது. இருவருமே சரிதான். காம்புப் பக்கத்துப் பாதியைவிட அடிப்பக்கத்துப் பாதி இனிப்பு அதிகம். குறுக்கே வெட்டியது என் பிழை, காம்பிலிருந்து அடிவரை நெடுக்காகக் கீறிக் கொடுத்திருந்தால் அன்று இருவரும் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதேபோல வெயில் படும் வெளிக்கிளைப் பழம் முந்தும், உள்ளே நிழலில் தொங்குவது பிந்தும். மரத்துக்கு ஒரு பழம் பார்த்தால் போதாது, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று பாருங்கள். அவசரமும் வேண்டாம், பழுத்த பழத்தை மரம் சில வாரங்கள் கெடாமல் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் விட்டால் அடுத்த காய்ப்பு குறையும்.

எலுமிச்சை வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். அதில் புளிப்பு குறையட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. சாறு நிறைந்ததா என்பதுதான் கேள்வி. பூவிலிருந்து 5, 6 மாதத்தில் தோல் மெலிந்து வழவழப்பாகி, கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக இடம் கொடுக்கும். பச்சையிலிருந்து வெளிர்பச்சைக்குத் திரும்பும்போதே பறிக்கலாம். சாத்துக்குடிக்கு ஏறக்குறைய 8, 9 மாதம் ஆகும், வேலன்சியாவுக்கு ஓர் ஆண்டுக்கும் மேலே. புதுப் பூவும் பழைய பழமும் ஒரே கிளையில் நிற்பதைப் பார்த்து மிரண்டு தொலைபேசி செய்ய வேண்டாம்.

இந்த மாதக் கணக்குக்காகத்தான் பறிப்புப் பதிவேடு தொடங்கினேன். பூத்த மாதம் எழுதிய நூலைக் கிளையில் கட்டுவது, பின்னால் ருசி பார்த்த நாளையும் சுவையையும் நோட்டில் எழுதுவது, அவ்வளவே வேலை. மண்ணும் நிழலும் தண்ணீரும் வீட்டுக்கு வீடு வேறு என்பதால் அவரவர் மரத்துக்கு அவரவர் குறிப்பைவிட நல்ல வழிகாட்டி இல்லை. 31 நோட்டுகள் கொடுத்தேன். 7 திரும்பி வந்தன. அதில் இரண்டு வெறும் தாள், ஒன்றில் யாரோ ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாடு வரை எழுதியிருக்கிறது, அழகான கையெழுத்து. மீதி 4 நோட்டுகளைக் கொண்டுதான் பகிர்வு நாளை 3 வாரம் தள்ளினேன். தள்ளியது தப்பா என்று அன்று மூன்றாவது பழத்துக்குக் கை நீட்டியவர்களைக் கேளுங்கள்.

சாற்றின் இனிப்பைக் கணிக்க உதவும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியை வாங்கியது பற்றித் தணிக்கையாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். தீர்மானம் இல்லாமல் வாங்கியது உண்மை. தீர்மானம் போடக் கூட்டிய கூட்டத்தில் கோரம் இல்லை என்பதும் உண்மை. ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் பிரிக்ஸ் அளவு தெரியும், அதாவது சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவை எவ்வளவு என்று. புளிப்பைத் தனியாகக் காட்டாது. எலுமிச்சைச் சாற்றில் கரைந்திருப்பது பெரும்பாலும் அமிலமே என்பதால் அதற்கு இந்தக் கருவி உதவாது. ஆரஞ்சுக்கும் சாத்துக்குடிக்கும் நாக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்க நல்ல துணை. அதை இரவல் வாங்கிப் போன உறுப்பினர் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பறிப்பு நாளன்று எல்லோரையும் காலை 6 மணிக்கே வரச் சொன்னேன். பனி ஈரம் காயவில்லை. ஈரத்தில் தோல் விறைப்பாக இருக்கும், விரல் அழுத்தினாலே எண்ணெய்ப் பை உடைந்து எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். இரண்டு நாளில் கூடை கூடையாகப் பழுப்புத் திட்டு. சுளைக்குச் சேதமில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. இனி வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகே கை வைப்போம். கத்தரி இல்லாமல் பிடித்து இழுத்தவர்களும் கவனிக்க: காம்பிடத்தில் தோல் பிய்ந்த பழம் அந்த வழியாகவே அழுகும். சிறு காம்பு விட்டு நறுக்குங்கள், அந்தக் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தாத அளவுக்கு ஒட்ட நறுக்குங்கள். சங்கத்தில் 4 கத்தரிகள் இருந்தன. இப்போது ஒன்று இருக்கிறது.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. சிறு கையிருப்பு உண்டு. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்க்கலாம். 14 பேர் சந்தா பாக்கி. அதில் 6 பேருக்கு இது இரண்டாம் ஆண்டு. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பகிர்வு நாளில் பெரிய பையோடு வந்தவர்களின் பட்டியலும் இந்தப் பட்டியலும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

இடம் தந்து உதவியவருக்கும், நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், பொருளாளருக்கும், பொறுமை காத்த தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு வேறு யாரும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். மூன்று ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிறேன். பதிவேடு மட்டும் யார் வந்தாலும் தொடர வேண்டும், ஓர் ஆண்டுக் குறிப்பை வைத்து எந்த மரத்தையும் கணித்துவிட முடியாது. புது நோட்டுகள் தயார். கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் நெடுக்காகக் கீறிய சாத்துக்குடி இரண்டு தட்டுகளில் இருக்கும். ஒன்று 3 வாரம் முன்பு பறித்துப் பத்திரமாக வைத்தது, மற்றது அதே மரத்தில் இன்று காலை, ஈரம் காய்ந்த பின் பறித்தது. சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நோட்டுகளும் சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான், தட்டுகளுக்கு நடுவே.

செயலாளர்