தடைக்காலம் முடிவதற்குள் ஒரு தடவை வந்து போ

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் தொழிலுக்குப் போகாது, பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகளைக் கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள், காலையில் உளியை எடுத்தால் இருட்டும்வரை எனக்கு வேலை இருக்கிறது.

அம்மா எல்லாம் சொன்னாள். நீ வரைந்த படகு வெள்ளோட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், கம்பெனியில் அந்த வேலையையே நிறுத்தியதும், இரண்டு மாதமாக நீ ஒரு கோடுகூடப் போடாததும். வேறு பரீட்சை எழுதப் போகிறாயாம். எழுது, நான் தடுக்கவில்லை. ஆனால் "எனக்கு இது வராது" என்று சொன்னாயாமே, அதுதான் முள்ளாகத் தைக்கிறது. ஆறு வயதில் பனைமட்டையைச் செதுக்கி வடகடலில் விட்டு, அது கவிழ்ந்ததும் அடியில் ஆணி அடித்து மறுபடி விட்ட பிள்ளை நீ. அடியில் பாரம் வேண்டும் என்று உனக்கு அன்றைக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கலாம் ஐயாவின் கதையை இந்நேரம் யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள், 1979இல் விழுந்த ராக்கெட் 1980இல் மேலே போனதை. நம் மண்ணின் பிள்ளை என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய கதை, மனசு உடைந்திருக்கிற நேரத்தில் எட்டாத உயரத்தில் நிற்கும். என் கதையைச் சொல்கிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் தனியாகக் கட்டிய முதல் வல்லம், அந்த மர நாட்டுப்படகு, ஒழுகியது. பலகை நன்றாகக் காயவில்லை என்று தெரிந்தும், படகுக்கு உடையவர் அவசரப்படுத்தினார் என்று ஆணி அறைந்துவிட்டேன். கட்டி முடித்து வெயிலில் கிடந்த நாட்களில் ஈரம் இறங்கி, பலகை சுருங்கி, மூட்டுக்கு மூட்டு இடைவெளி. கடலில் இறக்கிய அன்றே கணுக்கால் அளவு தண்ணீர். கரையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் உடையவர் என்னைக் கேட்ட கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. நாலு மாதம் நான் உளியைத் தொடவில்லை, வலை இழுக்கப் போனேன். எனக்குப் படகு கட்டுகிற இந்த ஓடாவி வேலையில் ஆசையே செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் உன் தாத்தா ஒரு நாள் பஞ்சையும் எண்ணெயையும் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டு வத்தையில், அந்தச் சின்னப் படகில், ஒரே ஒரு பலகை மூட்டு மட்டும் அடைக்கச் சொன்னார். ஆசையோடு போகவில்லை, அவர் சொன்னாரே என்று போனேன். பஞ்சைத் திணித்துத் தட்டும்போது மூட்டு இறுகிவிட்டால் சத்தம் மாறும் தெரியுமா, அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்த மூட்டுக்கும் நானாகவே பஞ்சு அடைத்தேன். ஆசை கைக்குப் பின்னால்தான் வந்தது, தம்பி. அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் வலைதான் இழுத்துக்கொண்டிருப்பேன்.

1964 புயலில் பாம்பன் பாலம் போனதை தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறாய். ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் ஐயா 46 நாளில் அதை நிமிர்த்தினார் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. கடலுக்குள் விழுந்த பாலத்து இரும்புக் கர்டர்களையே தேடித் தூக்கி மறுபடி வைத்தார்கள். உன் படகு வரைபடத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். அடிக்கட்டு தப்பு என்று யாரும் சொல்லவில்லையே, மேலே கேபினும் டேங்கும் உயரமாகப் போனதால் மேல்பாரம் கூடியிருக்கலாம். எடையை இடம் மாற்றி வைத்துச் சாய்வை அளக்கிற சோதனை ஒன்று உண்டு என்று லீவுக்கு வந்தபோது நீதான் மணலில் கோடு போட்டுக் காட்டினாய், அன்றைக்கு உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நானும் அம்மாவும் மறக்கவில்லை.

ஜூன் 14க்குள் ஒரு வாரம் வா. அந்த வரைபடத்தையும் எடுத்து வா. இங்கே கரையில் ஒரு பழைய வல்லம் கிடக்கிறது, உடையவரிடம் கேட்டுவிட்டேன், மணல் மூட்டை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் சாய்த்துப் பார்க்கலாம். அம்மா நகரைக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். ரயில் டிக்கெட் போட்டதும் ஒரு போன் பண்ணு.

அப்பா