எந்த ஊர் மணி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இணையவழி நேர்காணல், கருத்தரங்கு அறிவிப்புகளில் நேரத்துக்குப் பின்னால், இந்திய நேரத்தைக் குறிக்கும் சுருக்கமாக நாம் அறிந்த ‘ஐ.எஸ்.டி.’ (IST) என்று மட்டும் அச்சாகிறது. அந்த மூன்றெழுத்தால் எங்கள் வீட்டில் ஒரு நல்ல வாய்ப்பு கைநழுவியது, அதனால்தான் எழுதுகிறேன்.

கடந்த ஜூன் மாதம், அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து என் மகளுக்கு முதுகலைச் சேர்க்கைக்கான நேர்காணல் அழைப்பு வந்தது. ‘காலை 10, ஐ.எஸ்.டி.’ என்றிருந்தது. ஒன்பதரைக்கே மடிக்கணினி முன் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்கக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். பதினொன்றே கால் வரை யாரும் வரவில்லை. இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்து, மதியம் கணினியைப் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே அவள் காத்து நின்ற இரண்டரை மணிக்குத்தான் டப்ளினில் காலை 10.

அயர்லாந்தின் நேரத்துக்கும் அதே சுருக்கப் பெயர்தான். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோடைகால நேரமே அங்கு நிலையான நேரம். கிரீன்விச்சைவிட ஒரு மணி நேரம் முந்தியது. இஸ்ரேலின் நேரத்துக்கும் இதே மூன்றெழுத்து. அது இரண்டு மணி நேரம் முந்தியது. நம்முடையது ஐந்தரை. சி.எஸ்.டி. என்றால் சிகாகோவா, ஷாங்காயா? நடுவில் 14 மணி நேரம் இருக்கிறது.

தமிழில் அச்சிடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆங்கிலத்தில் முதலெழுத்தாவது வேறாக இருக்கும் அமெரிக்காவின் பசிபிக் நேரமும் (PST) பிரிட்டனின் கோடை நேரமும் (BST) நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுமே பி.எஸ்.டி.!

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ‘இந்திய நேரப்படி இரவு 7.30 மணிக்கு’ என்று எவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்கள்! அதையே கல்விப் பக்கத்திலும் செய்யுங்கள். ‘டப்ளினில் காலை 10, இந்திய நேரப்படி பிற்பகல் 2.30’ என்று ஊரையும் சேர்த்துப் போட்டால் ஒரு வரிகூட அதிகமாகாது. அனுப்புகிறவர்கள் வெறும் சுருக்கெழுத்தைத் தந்தால், உலகப் பொது நேரமான யு.டி.சி. கணக்கில் எத்தனை மணி என்று கேட்டு வாங்கிய பிறகே அச்சிடுங்கள்.

மகள் ஜனவரிச் சேர்க்கைக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். அழைப்பு நவம்பரில் வரலாம். அதற்குள் டப்ளினில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். அங்கே காலை 10 என்றால் இங்கே பிற்பகல் 3.30. அதை நாட்காட்டியில் இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை